பேட்டரியில் இருப்பது ஒன்று, சுவரில் வருவது வேறு!

மாலை ஏழரை மணி. தெரு முழுக்க இருட்டு. கரண்ட் போன அடுத்த நொடியே இன்வெர்ட்டர் ‘டக்’கென்று ஒரு சத்தம் போட்டது. நிற்கப் பார்த்த மின்விசிறி மறுபடியும் சுழல ஆரம்பித்தது. திருச்சியில் ஒரு சாதாரண வீடு. ஓய்வுபெற்ற தாத்தா, மகன், மருமகள், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பேத்தி.

படுக்கையறை சுவிட்ச் போர்டில் ஒரு பிளக் பாயின்ட் பல நாளாகவே லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. கரண்ட் போகிற நேரம் பார்த்து அதை டைட் பண்ணிவிட வேண்டும் என்று காத்திருந்தவர் தாத்தா. ஸ்க்ரூ டிரைவரும் டெஸ்டருமாகப் போய், போர்டின் மேல் மூடியில் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றியும் விட்டார். மொபைலில் டார்ச் அடித்துக்கொண்டு நின்ற பேத்திக்குச் சந்தேகம்.

“தாத்தா, ஃபேன் ஓடுதே... அப்ப கரண்ட் இருக்குதானே?”

“அது இன்வெர்ட்டர் கரண்ட்டுடா கண்ணு. பேட்டரி வெறும் 12 வோல்ட். தொட்டாக்கூட ஒண்ணும் பண்ணாது. போன வாரம் பேட்டரி மேல டெஸ்டர் வச்சுப் பார்த்தேன், எரியவே இல்ல.”

“இதுலயும் ஒரு தடவை வச்சுப் பாருங்களேன்.”

பேத்தியின் திருப்திக்காக வைத்தார். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. கழற்றிய ஸ்க்ரூவை அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தாத்தா ஹாலுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொன்னதில் பாதி சரி. பேட்டரி 12 வோல்ட்தான். அதன் இரண்டு முனைகளையும் உலர்ந்த கையால் தொட்டால் ஷாக் அடிக்காது. ஆனால் சுவரில் வருவது பேட்டரியின் மின்சாரம் அல்ல. நடுவில் இருக்கும் இன்வெர்ட்டர் அதை 230 வோல்ட் ஏ.சி.யாக மாற்றித்தான் அனுப்புகிறது. ஈ.பி. கரண்ட் எவ்வளவு ஆபத்தோ, அதே அளவு ஆபத்து இதிலும் உண்டு. டெஸ்டரை நம்பியது இன்னொரு தவறு. அதற்குள் இருக்கும் குட்டி நியான் விளக்கு எரிய, பல பத்து வோல்ட் வேண்டும். 12 வோல்ட் பேட்டரியில் வைத்தால் அது எப்போதுமே எரியாது. பேட்டரி நிறைந்திருக்கிறதா, காலியா, ஆபத்தா, இல்லையா என்று எதையும் அந்த டெஸ்டர் சொல்லாது.

ஏ.சி. என்றால் பலருக்குக் குளிர்சாதனப் பெட்டிதான் ஞாபகம் வரும். இந்த ஏ.சி. வேறு. பள்ளிப் புத்தகத்தில் இதற்கு ‘மாறுதிசை மின்னோட்டம்’ என்று பெயர். டி.சி. என்பது ‘நேர்திசை மின்னோட்டம்’. பரீட்சைக்கு மனப்பாடம் செய்து, அடுத்த வாரமே மறந்துபோகும் இரண்டு சொற்கள்.

மரம் அறுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் ரம்பம் இழுப்பார்கள். பல் இந்தப் பக்கம் வரும், அந்தப் பக்கம் போகும். ரம்பம் எங்கேயும் பயணம் போவதில்லை, ஆனால் மரம் அறுபடும். ஏ.சி. அப்படித்தான். மர அறுவை மில்லில் வட்டமாகச் சுற்றும் பட்டை ரம்பத்தின் பல்லோ ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். அது டி.சி. வேலை இரண்டிலும் நடக்கிறது.

நம் ஊர் வீடுகளுக்கு வரும் ஏ.சி. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஒரு நொடியில் 50 முறை போய்த் திரும்பி வருகிறது என்று அர்த்தம். அதாவது நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. கண் இமைப்பதற்குள் பல தடவை அது அணைந்து எரிகிறது, கண்ணுக்குத்தான் தெரிவதில்லை.

பேட்டரியால் அப்படித் திசை மாற்ற முடியாது. அது ஒரு ரசாயனப் பாத்திரம். இன்வெர்ட்டர் பேட்டரிக்குள் ஆறு அறைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 வோல்ட். ஒவ்வோர் அறையிலும் ஈயத் தகடுகள், ஈய ஆக்ஸைடு தகடுகள், நடுவில் தண்ணீர் கலந்த கந்தக அமிலம். ஈயம் தன் எலெக்ட்ரான்களை விட்டுக்கொடுக்கும். ஈய ஆக்ஸைடு வாங்கிக்கொள்ளும். கொடுப்பவர் எப்போதும் கொடுப்பவர், வாங்குபவர் எப்போதும் வாங்குபவர். அதனால்தான் பேட்டரியின் ஒரு முனை பிளஸ், ஒரு முனை மைனஸ் என்று நிலையாக இருக்கிறது. சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டில் பிளஸ், மைனஸ் என்று யாரும் எழுதுவதில்லை என்பதைக் கவனித்திருக்கலாம்.

மின்சாரம் வெளியேற வெளியேற இரண்டு தகடுகளின் மேலும் ஈய சல்ஃபேட் படிகிறது. அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் செய்வது என்றால், வெளியிலிருந்து எதிர்த்திசையில் மின்சாரத்தைத் தள்ளி, நடந்து முடிந்த ரசாயன வேலையைத் திரும்ப வைப்பது. அதற்கும் ஒரே திசையில் தள்ளும் டி.சி. தேவை. ஏ.சி.யை அப்படியே கொடுத்தால் ஒரு கணம் நிரப்பும், மறு கணம் உறிஞ்சும். மிச்சம் பூஜ்யம். அதுவும் கணக்குக்காகச் சொல்வதுதான். நிஜத்தில் 230 வோல்ட்டை நேராகப் பேட்டரியில் மாட்டினால், பூஜ்யம் வருவதற்கு முன்பே பேட்டரி வெடிக்கும். விளையாட்டுக்குக்கூடச் செய்து பார்க்கக் கூடாத வேலை.

உலகம் முதலில் பார்த்த தொடர் மின்சாரமே பேட்டரியின் டி.சி.தான். 1800ஆம் ஆண்டு, இத்தாலியைச் சேர்ந்த அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டா இரண்டு வகை உலோகத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி, இடையிடையே உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டைகளை வைத்தார். பேட்டரி பிறந்தது. 1832இல் பிரான்ஸில் ஹிப்போலைட் பிக்ஸி என்ற கருவி செய்பவர் காந்தத்தைச் சுழற்றி மின்சாரம் எடுத்தபோது வந்தது ஏ.சி. இப்படி முன்னும் பின்னும் ஆடும் மின்சாரத்தால் என்ன பயன் என்று அன்று யாருக்கும் புரியவில்லை. பேட்டரியில் வருவது மாதிரி ஒரே திசையில் வரவைப்பதற்கு அந்தக் கருவியில் ஒரு உறுப்பைத் தனியாகச் சேர்த்தார்கள். இன்றைக்கு உலகத்தையே ஓட்டும் ஏ.சி.க்குக் கிடைத்த முதல் வரவேற்பு அது! சார்ஜ் செய்து திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஈய பேட்டரியை 1859இல் கண்டுபிடித்த காஸ்டன் பிளான்டேயும் பிரான்ஸ்காரர்தான்.

பிறகு ஏ.சி. ஜெயித்ததற்குக் காரணம் தூரம். 1882இல் நியூயார்க்கில் தாமஸ் எடிசன் தெருக்களுக்குக் கொடுத்தது டி.சி.தான். மின்நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம் தள்ளிப்போனாலே கம்பியிலேயே பாதி பலம் தீர்ந்துவிடும். ஏ.சி.யை மட்டும் டிரான்ஸ்ஃபார்மரில் கொடுத்து வோல்ட்டேஜை மிக உயரத்துக்கு ஏற்றலாம், ஊருக்குள் வந்ததும் இறக்கலாம். அதற்கு முன்னால் எடிசனால் நிற்க முடியவில்லை. ஆனாலும் பழைய லிஃப்ட்டுகள் சிலவற்றுக்காக நியூயார்க்கில் டி.சி. இணைப்பு 2007 வரை உயிரோடு இருந்தது. சென்னையிலும் ஒரு கதை உண்டு. கடற்கரை - தாம்பரம் மின்ரயில் 1931இல் ஓட ஆரம்பித்தபோது 1,500 வோல்ட் டி.சி.யில்தான் ஓடியது. 1960களில் 25,000 வோல்ட் ஏ.சி.க்கு மாறியது.

ஆக, தெருவில் வருவது ஏ.சி. பேட்டரிக்குத் தெரிந்தது டி.சி. நடுவில் மொழிபெயர்க்க ஓர் ஆள் எப்போதும் வேண்டும்.

இதைப் படித்துக்கொண்டிருக்கும் மொபைலின் சார்ஜரை எடுத்துப் பாருங்கள். பொடி எழுத்தில் இரண்டு வரிகள் இருக்கும். ‘இன்புட்’ என்ற வரியில் 100-240 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் பாம்பு நெளிகிற மாதிரி ஒரு குறி. அது ஏ.சி. அடுத்து ‘அவுட்புட்’ என்ற வரியில் 5 அல்லது 9 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் நேராக ஒரு கோடு, அதன் கீழே மூன்று சின்னக் கோடுகள். அது டி.சி. அந்தச் சின்னப் பெட்டியின் முழு வேலையும் அந்த இரண்டு குறிகளுக்குள் அடக்கம். உள்ளே டயோடு என்ற உறுப்பு, ஒரு பக்கம் மட்டுமே திறக்கும் கதவு மாதிரி நின்று மின்சாரத்தை ஒரே திசைக்குத் திருப்புகிறது. வோல்ட்டேஜும் அங்கேயே இறங்குகிறது. சார்ஜர் சுடுவது இந்த மாற்றத்தின் போது வீணாகும் மின்சாரத்தால்தான்.

230 வோல்ட் ஒரு பக்கம், 5 வோல்ட் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர். பேருந்து நிலையத்தில் கூறுகட்டி விற்கும் பெயர் தெரியாத சார்ஜர்களில் எங்கே மிச்சம் பிடிக்கிறார்கள் என்றால், அந்த இடைவெளியிலும் பாதுகாப்பு உறுப்புகளிலும்தான். அது உள்ளே பழுதானால் ஏ.சி. நேராகக் கேபிள் வழியாக போனுக்கும், போனைப் பிடித்திருக்கும் கைக்கும் வரும். 100 ரூபாய் லாபம் பார்க்கிற இடமா இது?

இன்வெர்ட்டர் இதே வேலையைத் தலைகீழாகச் செய்கிறது. பேட்டரியின் 12 வோல்ட் டி.சி.யைப் படபடவென்று திசை மாற்றி, 230 வோல்ட் ஏ.சி.யாக ஏற்றுகிறது. ஈ.பி. கரண்ட் இருக்கும்போது அதே பெட்டி சார்ஜராக மாறி, ஏ.சி.யை டி.சி.யாக்கி பேட்டரிக்குள் அனுப்புகிறது. மலிவான ‘ஸ்கொயர் வேவ்’ வகை, திசையை வெடுக் வெடுக்கென்று மாற்றும். அதனால்தான் சில வீடுகளில் கரண்ட் போனதும் மின்விசிறி ‘ஙொய்ய்’ என்று முனகுகிறது, மோட்டார் சூடாகிறது. ‘சைன் வேவ்’ வகை ஈ.பி. கரண்ட்டைப் போலவே வழுவழுப்பாக ஏறி இறங்கும். விலை கூடுதல்தான். மின்விசிறிக்கும் மிக்ஸிக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் கொடுக்கலாம்.

இப்போது பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே ஓடும் ஒயரைப் பார்க்க வேண்டும். விரல் பருமன் இருக்கும். சுவரில் போகும் ஒயரோ மெல்லியது. ஏன்? 600 வாட் வேலை நடக்க, 230 வோல்ட்டில் 3 ஆம்பியர்கூட வேண்டாம். 12 வோல்ட்டில் அதே வேலைக்கு 50 ஆம்பியர் வேண்டும். வோல்ட் குறைந்தால் ஆம்பியர் ஏறித்தான் ஆக வேண்டும். ‘12 வோல்ட்தானே’ என்ற அலட்சியம் ஏமாற்றும் இடம் இதுதான். ஷாக் அடிக்காது, ஆனால் எரிக்கும். டெர்மினல் கொஞ்சம் லூஸாக இருந்தாலே அந்த இடம் கொதிக்கும். ஸ்பேனர் நழுவி இரண்டு முனைகளுக்கும் குறுக்கே விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், இரும்பு சிவந்துபோகும். அங்கே இரும்புக்குப் பதில் தங்க வளையலோ மோதிரமோ இருந்தால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டியதில்லை. பேட்டரியைத் தொடுவதற்கு முன் மெக்கானிக்குகள் மோதிரத்தையும் வாட்ச்சையும் கழற்றி வைப்பது அதனால்தான்.

இன்னொன்று, சார்ஜ் முடியும் தறுவாயில் இந்தப் பேட்டரிக்குள் இருக்கும் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வெளியே வருகிறது. காற்றில் 4 சதவிகிதம் சேர்ந்தாலே ஹைட்ரஜன் தீப்பிடிக்கும். இடமில்லாத வீடுகளில் இன்வெர்ட்டரை எங்கே வைக்கிறார்கள்? சாமி அலமாரிக்குக் கீழே. மேலே விளக்கு, கற்பூரம். கீழே மூடிய கதவுக்குள் பேட்டரி! கதவில்லாத, காற்று ஓடும் மூலைக்கு அதை நகர்த்திவிடுவது நல்லது. அழுகிய முட்டை வாடை வந்தால் பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். பிரிந்துபோன தண்ணீருக்குப் பதிலாக ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். குழாய்த் தண்ணீர் கூடாது. ஆர்.ஓ. தண்ணீரும் அதற்கு ஈடல்ல. ஆசிட் ஊற்றவே கூடாது.

பில் கட்டுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 150 ஆம்பியர் ஹவர் பேட்டரியை 12 வோல்ட்டால் பெருக்கினால் 1,800 வாட் ஹவர். ஈ.பி. மொழியில் 1.8 யூனிட். இரண்டு மின்விசிறி, நாலைந்து விளக்கு, டி.வி. என்று 300 வாட் ஓடினால் தாளில் 6 மணி நேரம் வரும். கையில் அவ்வளவு வராது. பேட்டரி தன்னிடம் உள்ளதைக் கடைசிச் சொட்டு வரை கொடுக்காது. கொடுப்பதிலும் ஒரு பங்கு டி.சி.யை ஏ.சி.யாக மாற்றும்போதே சூடாகப் போய்விடும்.

வேடிக்கை என்னவென்றால், இப்படிக் கஷ்டப்பட்டு ஏ.சி.யாக மாற்றியதை வீட்டில் உள்ள பாதிப் பொருட்கள் உடனே டி.சி.யாகத் திரும்ப மாற்றிக்கொள்கின்றன. எல்.இ.டி. பல்பு, டி.வி., லேப்டாப், மோடம் எல்லாம் அந்த வகை. புதிதாக வரும் பி.எல்.டி.சி. மின்விசிறியும் அப்படியே. காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போக வேண்டியவர், திருச்சிக்குப் போய்த் திரும்பின கதை! வேலைக்கோ படிப்புக்கோ இன்டர்நெட் போகக் கூடாது என்பவர்கள் மோடத்துக்கு ‘மினி யு.பி.எஸ்.’ என்று சோப்பு டப்பா அளவுக்கு ஒன்று வாங்குகிறார்கள். அது 12 வோல்ட் டி.சி.யை நேராகவே மோடத்துக்குக் கொடுத்துவிடும். நடுவில் ஏ.சி.யாக மாற்றும் வேலையே இல்லை. அந்தச் சின்ன டப்பா மணிக்கணக்கில் தாக்குப்பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதையே வீடு முழுக்கச் செய்தால் என்ன என்று சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு யோசித்தது. சோலார் தகடு கொடுப்பது டி.சி., பேட்டரி சேமிப்பது டி.சி., விளக்கும் மின்விசிறியும் கேட்பது டி.சி. எனவே 48 வோல்ட் டி.சி.யிலேயே வீட்டை ஓட்டும் அமைப்பை உருவாக்கினார்கள். ராஜஸ்தானில் மின்கம்பி எட்டாத வீடுகளில் அது பொருத்தப்பட்டது. 48 வோல்ட் என்பதால் ஷாக் பயமும் குறைவு. நல்ல யோசனைதான். ஆனால் கடையில் விற்கும் மிக்ஸியும் ஃப்ரிட்ஜும் 230 வோல்ட் ஏ.சி.யைத்தானே கேட்கின்றன. நகரத்து வீடுகள் இந்தப் பக்கம் திரும்ப நாளாகும்.

மாடியில் சோலார் போட்டவர்கள் பலர் முதல் மின்வெட்டில் ஏமாந்துபோகிறார்கள். வெயில் கொளுத்துகிறது, தகடு மேலே இருக்கிறது, வீட்டில் விளக்கு எரியவில்லை! பேட்டரி இல்லாமல், ஈ.பி. லைனோடு மட்டும் இணைத்த அமைப்பு, லைனில் கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் ஊழியரை இங்கிருந்து போகும் கரண்ட் தாக்கிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அந்தத் தகடுகளிலிருந்து இறங்கி வரும் டி.சி. பல நூறு வோல்ட் இருக்கலாம் என்பதையும் ஞாபகம் வைக்க வேண்டும். சுவிட்சை அணைக்கும்போது ஒரு சின்ன தீப்பொறி வரும். ஏ.சி. என்றால் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் அந்தப் பொறி தானே அணையும். டி.சி. பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை. பொறி பிடித்துக்கொண்டு எரியும். எனவே அங்கே டி.சி.க்கென்றே செய்த பிரேக்கர்தான் போட வேண்டும். ‘எல்லாம் ஒண்ணுதான் சார்’ என்று வீட்டு எம்.சி.பி.யை மாட்டிவிட்டுப் போகிறவரை அனுமதிக்கக் கூடாது.

வண்டிகளிலும் இதே கதைதான். பழைய பைக்கில் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் ஹெட்லைட் பிரகாசமாகும், சிக்னலில் நின்றால் மங்கும். எஞ்சின் சுற்றும்போது பிறக்கும் ஏ.சி. நேராக விளக்குக்குப் போனதால் அப்படி. ஹாரனும் இண்டிகேட்டரும் மட்டும் பேட்டரியின் டி.சி.யில். ஏ.சி.யை டி.சி.யாக்கி பேட்டரிக்கு அனுப்பும் ‘ஆர்.ஆர். யூனிட்’ கெட்டுப்போனால், எத்தனை புதுப் பேட்டரி வாங்கிப் போட்டாலும் சார்ஜ் நிற்காது.

எலெக்ட்ரிக் காரில் ஒரு பெட்டியின் இடம்தான் விஷயம். வீட்டில் சார்ஜ் போட்டால் உள்ளே போவது ஏ.சி. காருக்குள் இருக்கும் சின்ன சார்ஜர் அதை டி.சி.யாக்குகிறது. 30 யூனிட் பேட்டரிக்கு, மணிக்கு 3.3 யூனிட் வீதம் ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஆகும். நெடுஞ்சாலையில் இருக்கும் ‘டி.சி. ஃபாஸ்ட் சார்ஜரில்’ அந்த மாற்றும் பெட்டி வெளியே, பீரோ மாதிரி பெரிதாக நிற்கிறது. டி.சி. நேராகப் பேட்டரிக்குள் போகிறது. காபி குடித்துக் கால் நீட்டி உட்கார்ந்து எழுவதற்குள் பாதிக்கு மேல் ஏறிவிடுகிறது. அந்த டி.சி.யை மோட்டாருக்காக வண்டி மறுபடியும் ஏ.சி.யாக மாற்றிக்கொள்ளும். பிரேக் பிடித்தால் மோட்டாரே ஏ.சி. தயாரித்து, அதை டி.சி.யாக்கி பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கும்.

திருச்சி வீட்டுக்கு மறுநாள் காலையில் எலக்ட்ரீஷியன் வந்தார். மெயின் சுவிட்சை அணைத்தார். பிறகு இன்வெர்ட்டரின் சுவிட்சையும் அணைத்தார்.

“ரெண்டையும் நிறுத்தணும் சார். மெயினை மட்டும் நிறுத்தினா, கரண்ட் போயிடுச்சுன்னு நினைச்சு இன்வெர்ட்டர் வேலை செய்ய ஆரம்பிச்சிடும். இன்வெர்ட்டரை மட்டும் நிறுத்தினா ஈ.பி. கரண்ட் அது வழியா வந்துக்கிட்டே இருக்கும். ரெண்டையும் நிறுத்திட்டு, அப்புறமும் டெஸ்டர் வச்சுப் பார்த்துட்டுத்தான் நாங்களே கை வைப்போம்.”

ஐந்து நிமிட வேலை. தாத்தா சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூவை எடுத்துக் கொடுத்தார்.

“மாமா, பேட்டரியையும் அந்த சாமி அலமாரி கிட்டேர்ந்து எடுத்துடலாமா?” என்றார் மருமகள். மாடிப்படிக்கு அடியில், கம்பி போட்ட ஜன்னல் பக்கம் இடம் இருந்தது. மத்தியானத்துக்குள் மாற்றிவிட்டார்கள்.

சாயங்காலம் தாத்தா ஒரு வெள்ளைத்தாளில் கொட்டை எழுத்தில் எழுதி, சுவிட்ச் போர்டுக்கு மேலே ஒட்டினார்: ‘கரண்ட் போனாலும் இதில் 230 வோல்ட் வரும்.’ பேத்தி ஸ்கெட்ச் பேனாவால் அதன் கீழே பாம்பு மாதிரி நெளிகிற ஒரு கோடு போட்டாள். பிறகு மாடிப்படிக்கு அடியில் குனிந்து, பேட்டரியின் மேல் ஒட்டியிருந்த துண்டுத் தாளில் நேராக ஒரு கோடும், கீழே மூன்று சின்னக் கோடுகளும் போட்டுவிட்டு வந்தாள்.